ஏப்ரல் தாளில் மல்லிகாவின் முகம்

1

இறைச்சிக் கடையில் வெட்டுக்கத்தி மரக்கட்டையில் விழுந்த சத்தத்துக்கு நான் தரையில் குந்திவிட்டேன். கைகள் தாமாகவே தலைக்கு மேல் போயின. மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், சனிக்கிழமை காலையில், ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றவர்களின் முன்னால், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணான நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு "விடு, விடு, அவளை விடு" என்று கத்தினேன்.

கடைக்காரர் ஹைதராபாத்காரர். கத்தியை வைத்துவிட்டு வந்து என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டார். மகளின் எண்ணைச் சொன்னேன். மூன்று மாதமாக என் அழைப்பை எடுக்காத அபி, அவருடைய எண் தெரியாததால் எடுத்தாள்.

எலும்பில் கத்தி இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும். முதலில் ஈரமாக ஒன்று கேட்கும். அது முடிவதற்குள் காய்ந்த விறகு முறிவதுபோல் இன்னொன்று. ஒரு வருடத்துக்கு முன், கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் ஒரு சமையற்கூடத்தின் சீமெந்துத் தரையில் நின்று அதைக் கேட்டேன். கத்தி இறங்கியது மல்லிகாவின் தோளில். வெட்டியவன் அவளுடைய புருஷன்.

கண்டியில் இருந்து இதை வாசிக்கும் சிலருக்கு அந்தச் சம்பவம் நினைவிருக்கும். அவன் பிணையில் வெளியே வந்ததும் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அந்த இடத்தில் அவனுடைய முகத்தைப் பார்த்த ஒரே ஆள் நான். பார்க்கவில்லை என்று பொலிஸில் சொல்லி, கையெழுத்தும் வைத்துவிட்டு, இரண்டாம் நாள் விமானம் ஏறியவளும் நான்தான். நான் வாயைத் திறக்காதவரை அவன் வெளியேதான் இருப்பான்; மல்லிகா வீட்டுக்குள்ளேதான் இருப்பாள்.

2

என் அப்பா கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்தார். நான் அங்கேதான் படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அபி கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தேன். மெல்பர்னில் கண்டிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருபது இருக்கிறோம். ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். வருடத்தில் ஒரு விருந்து, ஒரு கிரிக்கெட் போட்டி, ஊரில் ஒரு நல்ல காரியம்.

நல்ல காரியமாக வந்து சேர்ந்ததுதான் கெலிஓயாச் சமையற்கூடம். அதை நடத்துபவர் பரீனா டீச்சர். மடவளைக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு பெண்களை வைத்து மத்தியானச் சோற்றுப் பார்சல் செய்து கண்டியிலும் கம்பளையிலும் உள்ள கந்தோர் ஊழியர்களுக்கு அனுப்பினார். வேறு எவரும் வேலைக்கு எடுக்காத பெண்களையே எடுத்தார். ஒரு கால் இல்லாத குசுமா, பேச்சு வராத இரண்டு சகோதரிகள், புருஷனிடமிருந்து தப்பி வந்தவர்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாம் ஒரே அடுப்பங்கரையில். முதல் முறை போனபோது, "நல்ல தர்மம் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

"தர்மமில்ல சாந்தி. இது யாவாரம்" என்றார். "சோறு ருசியில்லாட்டி ஒருத்தனும் வாங்க மாட்டான். இவங்களுக்குச் சம்பளம் குடுக்கிற, புண்ணியம் குடுக்கிறல்ல. உள்ளுக்கு வாற ஆள்ட்ட நான் கத கேக்கிறதுமில்ல. வேல தெரியுமாண்டு மட்டும்தான் கேக்கிற."

நாங்கள் பெரிய குளிர்சாதனப் பெட்டியும் சோறு அவிக்கும் இயந்திரமும் வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பதிலாக எங்களுக்குத் தேவைப்பட்டது கதைதான்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தைப்பொங்கலுக்கு முன் ஒரு காலண்டர் அடிப்போம். மாதத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. உதவி பெற்றவரின் முகமும் பெயரும் ஊரும் அதில் இருக்கவேண்டும். சமையலறைச் சுவரில் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவர்கள்தான் அடுத்த வருடமும் உதவுவார்கள் என்பது எங்கள் அனுபவம். காலண்டருக்குப் பொறுப்பு நான்.

நான் கமெராவை எடுத்ததும் டீச்சர் கையை உயர்த்தினார். "மொகம் வாணா. கையப் புடிங்க, சட்டியப் புடிங்க, சோத்தப் புடிங்க."

"முகம் இல்லாட்டி ஆக்கள் நம்ப மாட்டாங்க டீச்சர்."

"நம்பாட்டிப் போகட்டும். நீங்க போன பொறகு நாங்க இங்கதான் ஈக்கிற."

அவர் வங்கிக்குப் போன நேரம் பார்த்து மல்லிகாவிடம் கேட்டேன். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். புருஷன் அறைந்து அறைந்து இடது காது கேட்காமல் போய்விட்டது. ஒரு நாள் மகளையும் அடித்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்கே போனாள் என்று தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் தெரியாது. இதெல்லாம் நான் கேட்டு வாங்கிய கதை.

"ஒரே ஒரு படம், மல்லிகா. சிரிச்ச மாதிரி."

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "நீங்க கேட்டா எப்படிக்கா மாட்டேங்கிறது" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் அதில் சம்மதம் எங்கேயும் இல்லை.

ஏப்ரல் மாதத்துக்கு அவள். கீழே நான் எழுதிய வரிகள்: 'மல்லிகா, பன்வில. அன்று தோட்டத்தில் கண்ணீர். இன்று கெலிஓயாவில் சொந்தக் காலில்.' ஊருக்கும் ஒரு பெட்டி காலண்டர் அனுப்பினோம். மரக்கறி லொறிக்காரர் ஒருவர் மிஞ்சியதைப் பன்விலப் பாதையில் உள்ள கடைகளுக்குக் கொடுத்தார். ஒரு சலூனில் அது தொங்கியது. முகச்சவரத்துக்குத் தலையைச் சாய்த்தவன், தன் மனைவி சுவரில் சிரிப்பதைக் கண்டான்.

3

அபியின் பல்கலைக்கழக விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பத்தொன்பது வயது. தமிழ் விளங்கும், பேசினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவாள். ஊர் என்றால் அவளுக்கு நுளம்புக்கடியும் மாமாமாரும்தான். சமையற்கூடம் மட்டும் பிடித்துப்போனது. ஒரு வாரமாகக் குசுமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"நங்கி, ஒங்க ஊர்ல வெங்காயம் மெசின்ல உரிக்கிறதா?" என்று குசுமா, தங்கச்சிக்குச் சிங்களச் சொல்லைப் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பாள். "இது வெங்காயமில்ல, யுத்தம் நடந்த மாதிரி." எல்லோரும் சிரிப்பார்கள். மகள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

சம்பவம் நடந்த நாள் காலை பத்து மணிக்கு நான் வாசலில் நின்றேன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு, மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு.

"வணக்கம்மா. பார்சல் சோறு போடுற எடம் இதுதானுங்களா?"

"இதுதான். எங்கேருந்து வர்றீங்க?"

"பன்வில பக்கம்மா." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தான். எங்கள் காலண்டரின் ஏப்ரல் தாள். "நம்ம மல்லிகா. எனக்குத் தங்கச்சி முறை வேணும். சித்தப்பாவுக்குச் சொகமில்ல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடலாம்னு."

என் தலைக்குள் எந்த மணியும் அடிக்கவில்லை. இவ்வளவு தூரத்துத் தோட்டத்திலும் எங்கள் காலண்டரைப் பார்த்து ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்ற பெருமைதான் இருந்தது.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றான்.

"நான் எடுத்ததுதான்" என்றேன். "மல்லிகா அடுப்பங்கரையில நிக்கிறா. இந்தச் சந்தால போங்க, பின்வாசல் இருக்கு." கையை நீட்டியும் காட்டினேன்.

அவன் தலையைத் தாழ்த்தி நன்றி சொன்னான். திரும்பி மோட்டார் சைக்கிளுக்குப் போனதைப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து பார்சல்களுக்குத் தாள் பிரிக்கத் தொடங்கினேன்.

ஐந்து நிமிடம் இருக்காது. பின்வாசலில் ஹெல்மெட் போட்ட உருவம் ஒன்று வெளிச்சத்தை மறைத்தது. கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் தடித்த கிளைகளை ஒரே வீச்சில் சாய்ப்பதற்காகத் தீட்டப்பட்டது. மல்லிகா பருப்புக் கிளறிக்கொண்டிருந்தாள். கேட்காத காது வாசல் பக்கம் இருந்தது. குசுமா கத்தினாள். மல்லிகா திரும்பவில்லை.

முதல் வெட்டு தோளில். அவள் விழவில்லை. என்ன நடந்தது என்று பார்ப்பதுபோல் தோளைத் திரும்பிப் பார்த்தாள். தோள் திறந்திருந்தது. இரண்டாவது வீச்சுக்கு வலக் கையை உயர்த்தினாள். மூன்று விரல்கள் பருப்புக்குள் விழுந்தன. அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹெல்மெட்டுக்குள் மூச்சு மட்டும் இரைந்தது. அபி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். என் மகள். முழங்கையால் இடித்து அவளை அடுப்பின் மேல் தள்ளினான். சட்டி கவிழ்ந்து கொதிக்கும் பருப்பு அவள் முன்னங்கை முழுக்கக் கொட்டியது. தோல் வெங்காயச் சருகுபோல் சுருண்டு வந்தது.

நான் நின்றேன். தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் நகரவில்லை. நகர்ந்தது குசுமாதான். ஒற்றைக் காலில் எழுந்து, ஊன்றுகோலை இரண்டு கையாலும் ஓங்கி அவன் முகத்துக்கு நேரே அடித்தாள். ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல் ஓடியது. அடித்த வேகத்தில் அவளும் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து அவன் காலை மறுபடி அடித்தாள். அவன் கத்தியைப் போட்டுவிட்டுச் சந்து வழியாக ஓடினான்.

தரையில் இரத்தமும் பருப்பும் ஒன்றாக ஓடி வந்து என் செருப்பை நனைத்தன. வெந்த கையோடு அபி மல்லிகாவின் தோளைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "அம்மா, கோல் சம்படி! யாரையாவது கூப்பிடுங்க! அம்மா!" என்று கத்தினாள். அதையும் நான் செய்யவில்லை. டீச்சர்தான் செய்தார்.

4

மல்லிகா பிழைத்தாள். விரல்களைத் திரும்பப் பொருத்த முடியவில்லை.

அன்று மாலை பொலிஸ் நிலையத்தில் வயதான சார்ஜன்ட் ஒருவர் எனக்குத் தேநீர் தருவித்தார். பெரிய கொப்பியில் சிங்களத்தில் எழுதினார். ஹெல்மெட் போட்டவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்று மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆள் புருஷன்தான் என்று மல்லிகா சொன்னாள். ஆனால் அவன் காலையிலிருந்து தேயிலை மலையில் வேலையில் இருந்ததாக இரண்டு பேர் சொன்னார்களாம். அதற்கு முன் அவனை யாராவது அந்தப் பக்கம் கண்டீர்களா, முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"தெக்கே நே" என்றேன். பார்க்கவில்லை.

அபிக்காகப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவன் பிடிபடவில்லை, அவனுக்கு என்னைத் தெரியும், மகளையும் தெரியும். பயம் உண்மைதான். ஆனால் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது முதலில் வந்தது பயமல்ல. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, எங்கே பார்த்தீர்கள். அதற்கடுத்த கேள்வி, என்ன பேசினீர்கள். அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். நீட்டிய கையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கையெழுத்து வைத்தேன். தேநீருக்கு நன்றியும் சொன்னேன்.

இங்கே எனக்கு உள்ளூராட்சிக் கந்தோர் ஒன்றில் வேலை. புதிதாக வந்த அகதிகளுக்குப் படிவம் நிரப்ப உதவுவேன். 'மேற்சொன்னவை அனைத்தும் உண்மை' என்ற இடத்தில் விரலை வைத்து, இதை விளங்கித்தான் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறேன். திரும்பி வந்த பிறகும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

டீச்சரின் குரல் செய்திகள் வந்துகொண்டிருந்தன. "புடிச்சவனுக்குப் பிணை குடுத்திட்டாங்க சாந்தி. மொகம் கண்ட சாட்சி இல்லையாம்." பிறகு: "முன்னால ரோட்டால போறான். மெதுவா. மோட்டார் சைக்கிள நிப்பாட்டி ஹோர்ன் அடிச்சிட்டுப் போறான்." பிறகு: "ஏழு பேர் வேலைக்கு வாறத நிப்பாட்டிட்டாங்க. மல்லிகாவ என்ட ஊட்டுல வச்சிக்கிற. வாசலுக்கும் போறாளில்ல. புள்ள ஸ்கூலுக்குப் போய் ரெண்டு மாசம்."

பதிலுக்குப் பணிவான அனுதாப வார்த்தைகளை அனுப்பினேன்.

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் என்னையும் அபியையும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள். பிறகு ஒருவர், நல்ல மனிதர், மனதார உதவுகிறவர், சொன்னார்: "அடுத்த காலண்டருக்கும் மல்லிகாவையே போடுவம். கை தெரியிற மாதிரி ஒரு படம். அதைப் பார்த்தா யாரும் இல்லையெண்டு சொல்ல மாட்டினம்." பலர் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்தார்கள். "பார்க்கலாம்" என்றேன்.

அபி எழுந்து வெளியே போனாள். அந்த வாரமே நண்பர்களோடு வேறு வீட்டுக்கு மாறினாள். பிள்ளைகள் இந்த நாட்டில் இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன்.

5

இறைச்சிக் கடைக்கு வந்த அபி என்னைத் தன் காரில் ஏற்றினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் தழும்பு முழங்கை வரை மினுங்கியது. காரை எடுக்கவில்லை.

"அம்மா, நான் பார்த்தேன்" என்றாள்.

"எதை?"

"அன்னிக்கு. கிச்சன் ஜன்னல்ல இருந்து. அவர் பேப்பர் காட்டினார். நீங்க சிரிச்சீங்க. கை இப்படிக் காட்டினீங்க." அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"அவன் முகம் தெரிஞ்சதா உனக்கு?"

"இல்ல. பின்பக்கம் மட்டும். ஃபேஸ் பார்த்தது நீங்க."

"ஏன் இவ்வளவு நாள் சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணினேன்" என்றாள். "ஒரு வருஷம்மா."

அழத் தொடங்கினேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, வெளியே நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சரை அழைத்து, மல்லிகாவிடம் கொடுக்கச் சொன்னேன். ஏப்ரல் தாளிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். விம்மல் எனக்கு அடங்கவில்லை.

"அக்கா, அழுவாதீங்க" என்றாள் கடைசியில். "நீங்க அழுதா நான்தான் ஒங்களத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

"மன்னிச்சிரு மல்லிகா."

"அதப் பொறகு பாப்போம். எப்ப வர்றீங்க? வந்து சொல்லுங்க."

6

போனேன். அபியும் வந்தாள், நான் கேட்கவில்லை. முதலில் அதே பொலிஸ் நிலையத்தில் மேலதிக வாக்குமூலம். பழைய சார்ஜன்ட் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதியவர் இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முன்பு சொன்னது பொய் என்றால் என் மீதும் வழக்கு வரலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வந்தால் வரட்டும் என்று சொல்லுமளவுக்குத் தைரியம் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

நீதிமன்றத்தில் அவன் வெள்ளைச் சட்டையில், திருநீறோடு நின்றான். என்னைக் கண்டதும் வாசலில் செய்ததுபோலவே தலையைத் தாழ்த்தினான். மேலுதட்டுத் தழும்பைச் சொல்லி அடையாளம் காட்டினேன். தமிழில் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார்.

அவனுடைய சட்டத்தரணி எழுந்தார். ஒரு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றார். "மல்லிகா எங்கே நிற்கிறார் என்று என் கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். நேராகப் பின்வாசலுக்குப் போக யார் சொன்னது?"

"நான்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். திரும்பச் சொல்லும்படி கேட்டார்.

"நான்தான் சொன்னேன். அவளுடைய படத்தை எடுத்ததும் நான். பெயரும் ஊரும் போட்டு அச்சடித்ததும் நான். அந்தத் தாளைக் கொண்டுவந்துதான் கேட்டான். பின்வாசலுக்கான சந்துவழியைக் காட்டி, இதால் போங்கள் என்றேன்."

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சட்டத்தரணி அதற்கு மேல் கேட்கவில்லை. நீதவான் கொஞ்ச நேரம் எழுதினார். பிணையை இரத்துச் செய்தார். இரண்டு சிறைக்காவலர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு என் பக்கமாகத்தான் போனார்கள். "நீங்க நல்லாருக்கணும்மா" என்றான் மெதுவாக. அந்தக் குரல் இப்போதும் என் பின்கழுத்தில் நிற்கிறது.

வழக்கு முடியவில்லை. இன்னும் போகவேண்டும். சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இனி முகமும் பெயரும் ஊரும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இருவர் விலகிப் போனார்கள். சமையற்கூடத்துக்கான உதவி குறையும். குறைந்தாலும் சோறு விற்பனையில் ஓடும் என்கிறார் டீச்சர்.

அன்று மத்தியானம் நீதிமன்றத்திலிருந்து மல்லிகாவும் டீச்சரும் நாங்களும் கெலிஓயாவில் பஸ்ஸால் இறங்கியபோது, அவன் நீதிமன்றத்தில் இருக்கும் நாள் என்று பள்ளிக்கூடம் அனுப்பியிருந்த மகளைக் கூட்டிவரப் போகவேண்டும் என்றாள் மல்லிகா. டீச்சர் வழக்கம்போல் முச்சக்கர வண்டி பிடிக்கப் போனார். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்கா. நீங்க நில்லுங்க. நடந்து போயிப் பாக்கிறேன்."

விரலில்லாத கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தாள். என் கால்கள் அவளுக்குப் பின்னால் போகத் துடித்தன. அபி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைகளைத் தாண்டுவதற்குள் மல்லிகா இரண்டு தடவை நின்று, உடம்பையே முழுதாகத் திருப்பி, பின்னால் மோட்டார் சைக்கிள் ஏதும் வருகிறதா என்று பார்த்தாள். வளைவு வந்தது. அங்கே அவள் திரும்பிப் பார்க்கவில்லை.